இடது கையில் ஒரு கண்

டேன்டம் குதிப்பில் ஒரு பாராசூட், இரண்டு உடல்கள். முன்னால் இருப்பவர் பயணி. பெரும்பாலும் வாழ்க்கையில் முதல்முறையாகக் குதிப்பவர். அவருடைய முதுகோடு பொருந்தி, தோளில் இரண்டும் இடுப்பில் இரண்டுமாக நான்கு கொக்கிகளில் இணைந்து பின்னால் இருப்பவர் பயிற்றுநர். பயணி செய்ய வேண்டியது அதிகமில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, இடுப்பை முன்னுக்குத் தள்ளி, கால்களைப் பின்பக்கம் மடக்கி, வாழைப்பழம் போல வளைந்திருந்தால் போதும். மிச்சம் எல்லாம் பின்னால் இருப்பவரின் கைகள் செய்யும் வேலை.

அந்தக் கைகளுக்கு என்னென்ன வேலை என்று எண்ணிப் பார்த்தேன். விமானத்தை விட்ட சில நொடிகளில் வலது கை, டிரோக் எனப்படும் சின்னஞ்சிறு பாராசூட்டை எடுத்து வீச வேண்டும். இரண்டு பேரின் எடை ஒன்றாக விழும் வேகத்தை, ஒருவர் தனியாக விழும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு, இழுத்துப் பிடிப்பது அதுதான். பெரும்பாலும் இடது மணிக்கட்டில் உயரமானி இருக்கும். அதை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். 5,000 அடி நெருங்கும்போது பெரிய பாராசூட்டைத் திறக்க வேண்டும். அது சரியாக விரியாவிட்டால் வலப்பக்கப் பிடியை இழுத்து அதைக் கழற்றி விட வேண்டும். இடப்பக்கப் பிடியை இழுத்து மாற்றுப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அந்த இடது கையுறையின்மேல் ஒரு சிறிய கேமராவும் இருக்கிறது. பயணியின் முகத்துக்கு நேரே அதை நீட்டி, அந்த ஒரு நிமிட வீழ்ச்சியைப் படமெடுத்துத் தருவதும் இன்று அந்தக் கையின் வேலை.

முன்பெல்லாம் படமெடுப்பதற்கென்றே மூன்றாவது ஆள் ஒருவர் தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டு கூடவே குதிப்பார். கூடுதல் காசு கொடுத்தால் இன்றும் பல இடங்களில் குதிக்கிறார். கோப்ரோ போன்ற சிறிய கேமராக்கள் வந்த பிறகு அந்த மூன்றாமவரின் வேலை பயிற்றுநரின் கைக்கு வந்து சேர்ந்தது. விமானத்தில் ஓர் இடம் மிச்சம். ஓர் ஆளின் கூலி மிச்சம். ஒரு கை இரண்டு வேலை செய்தால் யாருக்கு லாபம் என்பது, இடுப்பில் பிள்ளையும் கையில் கரண்டியுமாக அடுப்படியில் நின்ற எவருக்கும் புதிய கணக்கல்ல.

ஆனால் இந்தத் தொழில் அந்த இரண்டு வேலைகளுக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் டேன்டம் பயிற்றுநர் ஆவதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் 500 குதிப்புகளும் வேண்டும். கையில் கேமராவைக் கட்டிக்கொள்ள, அதன் பிறகு 200 டேன்டம் குதிப்புகளை முடித்திருக்க வேண்டும். காரணங்கள் எளியவை. நீட்டிய ஒரு கை காற்றைப் பிடித்து இரண்டு உடல்களையும் சுழற்றப் பார்க்கும். மற்றக் கையும் கால்களும் அதை ஈடுகட்டப் பழகியிருக்க வேண்டும். கேமராவின் விளிம்பில் கயிறு மாட்டக்கூடும். படம் நன்றாக வருகிறதா என்னும் ஒரு நொடிக் கவனம், உயரமானியைப் பார்க்க வேண்டிய நொடியைத் தின்றுவிடக்கூடும். ஆகவே முதலில் உயிரைக் காக்கும் கை. அதில் தேர்ந்த பிறகே படமெடுக்கும் கை. இந்த வரிசையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

*

ஒரு மே மாதக் கல்லூரி விடுமுறையில் சிட்னியில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கினால் வொலங்கொங். கடற்கரையை ஒட்டிய புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வானத்திலிருந்து வண்ணக் குடைகளாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். “நாமளும் குதிக்கலாமாக்கா?” என்றாள், பொட்டலத்தை மடித்துக்கொண்டே. சிரித்துவிட்டேன். மறுவாரம் இருவரும் பதிவு செய்துகொண்டு போய் நின்றோம்.

முதலில் எடை பார்த்தார்கள். யாரும் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. எனக்கு அமைந்த பயிற்றுநர் ஒரு பெண். இந்தத் துறையில் பெண்கள் குறைவு. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் உறுப்பினர்களிலேயே ஏறக்குறைய ஏழில் ஒருவர்தான் பெண். பயிற்றுநர் என் உயரம்தான் இருந்தார். என் எடையையும் சேர்த்துத் தாங்குவாரா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அதே உயரத்தில் ஓர் ஆண் நின்றிருந்தால் தோன்றியிருக்குமா என்று அடுத்த கணம் தோன்றியது.

பட்டைகளை மாட்டத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்னார். இப்போது தொடையைச் சுற்றிய பட்டையை இறுக்கப்போகிறேன். இப்போது மார்புக்குக் குறுக்கே ஒன்று. இப்போது உங்கள் இடுப்பை என் பக்கமாக இழுக்கப்போகிறேன். சொல்லி, நான் தலையசைத்த பிறகே தொட்டார். நாற்பதைக் கடந்த இந்த உடம்பைத் தையற்காரர்கள் அளந்திருக்கிறார்கள். மருத்துவர்கள் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். நெரிசல் பேருந்துகளில் முகம் தெரியாத கைகள் வந்து போயிருக்கின்றன. பிரசவ அறையில் எத்தனை கைகள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. சொல்லிவிட்டுத் தொட்ட கைகள் என்று எண்ணினால், என் ஒரு கை விரல்களே மிச்சமாகும்.

விமான நிலையத்துக்குப் போகும் வேனில் அவருடைய இடது கையுறையைக் காட்டி, இதையும் பார்த்துக்கொண்டு என்னையும் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரிந்தது. கேள்வியில் இருந்த பயமும் புரிந்திருக்க வேண்டும். இந்தக் கை முதலில் உங்களுக்குத்தான், கேமராவுக்கு அதற்கப்புறம்தான் என்றார். ஏதாவது சரியில்லை என்றால் கேமரா இருப்பதையே மறந்துவிடுவேன், அப்போது படம் கன்னாபின்னாவென்று வரும், திட்டாதீர்கள் என்றார். பிறகு இரண்டு விஷயங்கள் சொன்னார். கேமராவைப் பார்த்துச் சிரித்தே ஆக வேண்டும் என்று இல்லை. கடலைப் பார்க்கத் தோன்றினால் கடலைப் பாருங்கள். கதவருகே போன பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விமானத்திலேயே திரும்பி இறங்கலாம்.

நான் கையெழுத்திட்ட தாளில், எடுக்கும் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பற்றியும் கேட்டேன். விருப்பமில்லை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

*

ஆகாயத்தில் இரண்டு உடல்கள் நெருங்கியிருப்பது பற்றிய கவலை பழையது. 1798இல் பாரிஸில் கார்னரன் என்ற பலூன் வீரர், அடுத்த முறை ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேலே போகப்போவதாக அறிவித்தார். காவல்துறை கூப்பிட்டு விசாரித்தது. உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் பெண்ணின் மெல்லிய உடல் என்னாகும் என்பது ஒரு கவலை. ஓர் ஆணும் பெண்ணும் அத்தனை சிறிய கூடையில் ஒட்டி நிற்பது ஒழுக்கத்துக்கு என்னாகும் என்பது இன்னொரு கவலை. பயணத்துக்குத் தடை விதித்தார்கள். விஷயம் அமைச்சர்கள் வரை போய், வண்டியில் இருவர் சேர்ந்து போவதைவிட இதில் ஒன்றும் கூடுதல் கேடில்லை என்ற முடிவோடு தடை நீங்கியது. அந்த ஜூலையில் அந்தப் பெண் மேலே போய் நல்லபடியாக இறங்கினார். மறு ஆண்டு அக்டோபரில் ஜான் ழென்வியேவ் லாப்ரோஸ் 900 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் இறங்கினார். அப்படி இறங்கிய முதல் பெண் அவர். இரண்டு முறையும் கீழே கூடியிருந்தவர்கள் பார்த்தது பெண்ணைத்தான். பெண் மேலேயிருந்து என்ன பார்த்தாள் என்பது யாருடைய கேள்வியாகவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நூறு ஆண்டு கழித்தும் அப்படித்தான். 1893இல் வட கரோலினாவில் பிறந்த டைனி பிராட்விக் பதின்வயதிலேயே தாயானவர். பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர். 15 வயதில் ஒரு பலூன் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகக் குதிக்கத் தொடங்கினார். சுருக்கம் வைத்த உடையும் ரிப்பனுமாக அவரை உடுத்திவிட்டு, பொம்மைப் பெண் என்று விளம்பரம் செய்தார்கள். 1913இல் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் பெண் ஆனார். 1914இல் சான் டியேகோவில் அமெரிக்க ராணுவத்தினருக்குக் குதித்துக் காட்டினார். அன்றைய பாராசூட்டுகளில், விமானத்தோடு கட்டிய ஒரு கயிறுதான் பாராசூட்டை இழுத்துத் திறக்கும். ஒரு குதிப்பில் அந்தக் கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. அடுத்த குதிப்பில் அதை வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டு குதித்தார். தனக்குப் போதும் என்று தோன்றியபோது தன் கையாலேயே இழுத்துத் திறந்தார். விமானத்திலிருந்து குதித்தவர் விழுந்துகொண்டே தன் பாராசூட்டைத் தானே திறக்கலாம் என்று காட்டிய கை, ஒரு பொம்மையின் கை.

நம் ஊரில் இந்தக் கதைக்கு முன்னோடி உண்டு. சீவக சிந்தாமணியில் கட்டியங்காரன் அரசைக் கவர்ந்தபோது, சச்சந்தன் கருவுற்றிருந்த விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பொறியை இயக்க அவள் முன்பே பழகியிருக்கிறாள். யாழ் பழகிய விரல்தான் திருகுகிறது. பொறி மேலே எழுகிறது, இறங்குகிறது. அந்த மயில் போய் இறங்குவது சுடுகாட்டில். சீவகன் பிறப்பது அங்கே. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் நாங்கள் பேசுவது சச்சந்தனின் தியாகத்தைப் பற்றியும் சீவகனின் பிறப்பைப் பற்றியும்தான். நிறைசூலியாக ஒருத்தி தனியே ஒரு பறக்கும் பொறியை ஓட்டிக்கொண்டு போனதைப் பற்றித் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விகூட வந்து நான் பார்த்ததில்லை.

*

அந்தப் பருவத்தில் விசயை பறந்த பகுதியை நடத்திய நாளன்று, முதுகலை மாணவியருக்கு என் காணொளியைக் காட்டினேன். வகுப்பில் இருபத்திரண்டு பேர், எல்லாரும் பெண்கள்.

கதவு வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கதவுக்கு வெளியே வந்ததும் என் முகம் போய்விடுகிறது. கன்னம் காதுப்பக்கம் ஓடி அலையடிக்கிறது. உதடு மேலே ஏறி ஈறு தெரிகிறது. எச்சில் ஒரு நூலாகப் பறக்கிறது. கண்ணாடிக்குள் கண் இரண்டும் பிதுங்கி நிற்கின்றன. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். “இதை ஏம்மா வெச்சிருக்கீங்க, அழிச்சிடுங்கம்மா” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி, உண்மையான கவலையோடு.

ஏன் வைத்திருக்கிறேன் என்று யோசித்தேன். என் வீட்டில் எத்தனையோ படங்கள் இருக்கின்றன. பெண் பார்க்க அனுப்பிய படம், கல்யாண ஆல்பம், பட்டமளிப்பு விழா, நூல் வெளியீடு. எல்லாவற்றிலும் கேமரா இருப்பது தெரிந்த முகம். தாடையை இவ்வளவு தாழ்த்து, பல் தெரியாமல் சிரி, முந்தானையைச் சரி செய் என்று யாரோ சொல்லிக் கொடுத்த முகம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று எந்தத் தாடையையும் தாழ்த்த விடாது. நான் அழகாக இருக்க முயலாத ஒரே படம் அதுதான்.

காரைக்கால் அம்மையாரைப் பாடமாக நடத்தும்போது மாணவியர் எப்போதும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பார்கள். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம், பேய் வடிவம் தா என்று ஒருத்தி ஏன் கேட்க வேண்டும்? தலையால் நடந்து கயிலை போனது பக்தி என்று விளக்கிவிடலாம். அழகை உதறியதற்கு விளக்கம் சொல்லும்போது எனக்கே நாக்கு தட்டும். அன்று சொல்லத் தேவையிருக்கவில்லை. திரையில் தலைகீழாகப் புரண்ட என் முகத்தைக் காட்டி, “இது பேயுரு. பயமா இருக்கா, சந்தோஷமா இருக்கா, சொல்லுங்க” என்றேன். சந்தோஷமாத்தான் இருக்கீங்க என்றார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி பேசினாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். “அம்மா, குதிக்கிறதுகூடப் பரவாயில்ல. நமக்குப் பின்னாடி ஒருத்தர் நம்மளக் கட்டிப் புடிச்சிருக்காங்க, அவங்க கையில கேமரா இருக்குன்னா எனக்கு மூச்சே வராது.”

யாரும் சிரிக்கவில்லை. நான் கொங்கு நாட்டில் வேலை பார்ப்பவள். அந்த வகுப்பிலிருந்த பெண்கள் 2019இல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களை நட்பென்றும் காதலென்றும் அழைத்துப் போய், வன்கொடுமை செய்து, படமெடுத்து, அந்தப் படத்தை வைத்தே மிரட்டியது வெளியே வந்த ஆண்டு அது. கெஞ்சும் ஒரு பெண்ணின் குரலைத் தமிழ்நாடு முழுதும் கேட்டது. 2025 மே 13ஆம் தேதி ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆறு ஆண்டுகளில் இந்தப் பகுதியில் எத்தனை வீடுகளில் பெண் பிள்ளைகளின் கைப்பேசி பறிக்கப்பட்டது, எத்தனை பேரின் மேற்படிப்பு நின்றது என்று கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். படமெடுத்தவன் குற்றவாளி, தண்டனை முதலில் வந்தது படத்துக்குள் வரக்கூடியவளுக்கு. கேமரா என்பது இவர்களுக்கு ஒரு கருவியின் பெயரல்ல, ஒரு மிரட்டலின் பெயர். அவளுக்கு மூச்சு வராதது இயல்பு.

பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் எடுக்கப்பட்டு உலகமெங்கும் பரவிய ஒரு டேன்டம் காணொளியும் அப்போது என் நினைவுக்கு வந்தது. ஒரு மூதாட்டி விமானத்தின் கதவருகே கால் மடங்கி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிறார். வேண்டாம் என்று உடல் முழுதும் சொல்கிறது. பின்னால் இருப்பவர் அவரோடு வெளியே போகிறார். காற்றில் பட்டைகள் நழுவி மேலே ஏறுகின்றன. அந்த அம்மா கிட்டத்தட்ட அவற்றிலிருந்து உருவிக்கொண்டு தொங்குகிறார். உயிரோடு தரையிறங்கினார் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்தக் காணொளியை உலகம் நகைச்சுவையாகப் பார்த்தது. அதில் கேமராவுக்குக் குறையே இல்லை. எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, அவருடைய மறுப்பு உட்பட. பதிவானதால் அந்த மறுப்பு கேட்கப்பட்டதாக ஆகிவிடவில்லை.

ஒரு பெண்ணின் பயத்தைப் படமெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. யாருக்கும் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. பிள்ளைகளின் கைப்பேசியைப் பறிக்கும் வீடுகள் சொல்வதும் அதைத்தான். படமே வேண்டாம், ஆகவே குதிக்கவும் வேண்டாம், ஆகவே வெளியே போகவும் வேண்டாம். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். என் பயத்தின் படம் எனக்கு வேண்டும், அது என்னுடையது. ஆனால் அதை எடுக்கும் கைக்கு நிபந்தனை உண்டு. என் உயிருக்கு முதலில் பொறுப்பேற்ற கையாக அது இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். என் ‘வேண்டாம்’ கடைசி நொடி வரை செல்ல வேண்டும். எடுத்த படம் எங்கே போகிறது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். வொலங்கொங் கடற்கரையில் ஒரு பெண் தன் தொழிலின் ஒழுங்காக இதையெல்லாம் சாதாரணமாகச் செய்தார். எந்தப் பெரிய சொல்லும் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பல முறை குதிக்கும் அவருக்கு இது வேலை. வேலையைச் சரியாகச் செய்வது என்பதற்குள்ளேயே இத்தனையும் இருந்தது.

*

மறுவாரமும் அந்தக் காணொளியைப் போடச் சொன்னார்கள். இந்த முறை யாரும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கையைப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

விழும்போது படம் ஓரளவு நிலையாக இருக்கிறது. என் முகம், என் தோளுக்கு மேல் அவர் முகம், பின்னால் வானம். தனியாகக் குதிக்கும் படக்காரர் எடுத்திருந்தால் அவர் படத்தில் இருக்கமாட்டார். கையில் கட்டிய கேமராவில் எடுப்பவரும் சிக்கிக்கொள்கிறார். இடையிடையே அவர் கண் கேமராவை விட்டு மணிக்கட்டுக்குப் போய் வருகிறது. உயரம் பார்க்கிறார். பிறகு பாராசூட் திறக்கும் அதிர்ச்சியில் இருவரும் நிமிர்கிறோம். அதற்கடுத்த சில நொடிகள் படமே இல்லை என்று சொல்லலாம். ஒரு சட்டைக்கை, விரிந்த துணியின் ஒரு மூலை, கயிறுகள், வெறும் நீலம், தலைகீழாக ஒரு கடற்கரை. இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. துணி முழுதாக விரிந்ததா, கயிறு முறுக்கிக்கொண்டதா என்று பார்த்து, திசைப்பிடிகளைக் கையில் எடுக்கிறார். கேமரா என்ன பார்க்கிறது என்று அப்போது யாருக்கும் கவலையில்லை.

“இந்த இடத்துல படம் கெட்டுப்போச்சும்மா” என்றாள் ஒருத்தி.

“கெடல. இப்பத்தான் அவங்க அம்மாவப் பாத்துக்கிட்டு இருக்காங்க” என்றாள் கடைசி வரிசைக்காரி.

அவள் அதைச் சொன்ன பிறகு நான் விளக்க ஒன்றுமிருக்கவில்லை. மணியடித்தது. வெளியே போகும்போது, அந்தக் கையில கேமரா கட்ட எத்தனை தடவை குதிச்சிருக்கணும்னு சொன்னீங்க என்று கேட்டாள். அதற்கு முன் ஐந்நூறு, பிறகு இருநூறு என்றேன். எழுநூறா என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.